ஒரு சாய்ந்த கோட்டுக்காக

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமை சாயங்காலம் சித்தூர் பஸ் உள்ளே திரும்பினால், அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் கர்ச்சீப்பும் பறக்கும். எந்த சீட்டில் யார் துண்டோ, அந்த சீட் அவருக்கு. ஒருநாள் ஒரே சீட்டில் இரண்டு துண்டு விழுந்துவிட்டது. ஒன்று வேர்க்கடலை வியாபாரி ஒருவருடையது. இன்னொன்று மொட்டையடித்துச் சந்தனம் பூசிய யாத்திரிகருடையது. இரண்டு பேரும் தெலுங்கில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு முன் சீட்டிலிருந்து, என்னோடு வேலை பார்த்த அவர் எழுந்தார்.

"மொதல்ல வுழுந்த துண்டு செல்லுமா, மேல கிடக்கிற துண்டு செல்லுமா? அத முடிவு பண்ணாம துண்டு போட வுட்டது யாரு?" என்று கண்டக்டரைக் கேட்டார். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை.

வியாபாரியும் யாத்திரிகரும் தங்கள் சண்டையை விட்டுவிட்டு, சேர்ந்து இவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்திரகிரி தாண்டியும் அவர் விடவில்லை.

அவர் அப்படித்தான். எதையும் எதோடும் லேசில் சேர்க்க விடமாட்டார். "ரெண்டும் மோதினா யாரு ஜெயிக்கிறது?" என்று முதலில் கேட்பார். கல்யாண வீட்டில் பொண்ணு வீட்டுப் பாத்திரத்தையும் மாப்பிள்ளை வீட்டுப் பாத்திரத்தையும் ஒரே லாரியில் ஏற்றினால் கேட்பார். சாப்பாட்டுத் தட்டில் சாம்பாரும் தயிரும் தொட்டுக்கொள்ளக் கூடாது, நடுவில் சோற்றால் அணை கட்டுவார். எரிச்சலான மனுஷன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தவள் சொல்கிறேன், பல நாள் செருப்பைக் கழற்றி அடிக்கலாமா என்றிருக்கும். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு போடக் கூடாது என்பதால் தப்பித்தார்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மாடி. முதலாளி அதற்கு முன்னால் அரிசி மில் வைத்திருந்தவர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி எங்களுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. காலேஜ் ரிசல்ட், பால் சொசைட்டிக் கணக்கு என்று எது வந்தாலும் நான் டைப் அடித்து ஏற்றுவேன். அவர் அதற்கு புரோகிராம் எழுதுவார். நாங்கள் இரண்டு பேருமே சித்தூர், ஒரே சபை. வாரம் முழுக்கத் திருப்பதியில் ஆளுக்கொரு ரூமில் கிடந்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு ஊருக்குப் போவோம். அவர் என்னை சிஸ்டர் என்பார். நான் அவரை அண்ணா என்பேன்.

ஒவ்வொரு வேலைக்கும் முதலிலிருந்து எழுதி அலுத்துப்போய், அவர் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழியே செய்தார். பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செய்தார். அந்த மொழியில் அவருக்குச் செல்லம் எதுவென்றால் அகராதி. இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் அதைப் பற்றிய செய்தி. பெயரைக் கொடுத்தால் செய்தி வரும். மாணவன் பெயரைக் கொடுத்தால் மார்க், பால்காரர் பெயரைக் கொடுத்தால் எத்தனை லிட்டர். ஒரு அகராதியில் ஒரு பெயர் ஒரே ஒரு தடவைதான் இருக்கலாம். அவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு அகராதிகளை ஒன்றாகச் சேர்க்க ஒரு குறி வேண்டும். அங்கேதான் அவருக்குப் பித்துப் பிடித்தது.

"ப்ளஸ் போட்டா போச்சு, இதுக்கு இன்னா யோசனை?" என்றேன்.

"ரெண்டும் மூணும் அஞ்சு. மூணும் ரெண்டும் அஞ்சு. எத முன்னால போட்டாலும் ஒண்ணுதான், யாருக்கும் நஷ்டமில்ல. இங்க அப்படியா? ஒரே பேரு ரெண்டுத்துலயும் இருந்தா ஒரு செய்திதான் நிக்கும். இன்னொண்ணு அழிஞ்சிடும். ஒருத்தன் சாவுற எடத்துல ப்ளஸ் போடறது பொய் சிஸ்டர்."

ஒவ்வொரு குறியாகக் காகிதத்தில் பெரிதாக எழுதி என் திரையின் ஓரத்தில் ஒட்டுவார். ஒரு வாரம் அது இருக்கும். பிறகு அவரே கிழிப்பார். நெட்டுக்குத்தாக நிற்கிற கோட்டை வைத்துப் பார்த்தார். எங்கள் பிரிண்டர் அதை இரண்டு துண்டாக அடித்தது. அம்புமுனை மாதிரி இருப்பதை வைத்தார். அது எது பெரிது என்று கேட்கிற குறியாச்சே என்று அவரே எடுத்துவிட்டார். ஜிலேபி மாதிரி ஒன்று உண்டே, அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. கடைசியில் ஒருநாள் டீ குடிக்கப் போனவர் டம்ளரோடு ஓடிவந்தார். டீக்கடை வாசலில் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தாராம்.

"இதோ பாருங்க" என்று எழுதிக் காட்டினார். \ என்று ஒரு சாய்ந்த கோடு. "இடப்பக்கம் மேல நிக்குது. வலப்பக்கம் கீழ சறுக்குது. மேல இருக்கிறவன் ஜெயிப்பான். பாத்தாலே தெரியுதில்ல?"

தெரிந்தது. சொன்னால் கொண்டாடுவாரே என்று நான் சொல்லவில்லை. அது மட்டுமல்ல, ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் கம்ப்யூட்டர் மணியடித்து நின்றுவிடும். இரண்டு செய்தியையும் காட்டி, இடப்பக்கத்துச் செய்தியே இருக்கட்டுமா என்று கேட்கும். ஆள் பதில் சொன்னால்தான் மேலே நகரும்.

"எங்க தாத்தாவும் நானும் மிசினுக்கு ஒரே ஆளு" என்றார். "பேரும் அதே, இனிஷியலும் அதே. தாத்தா செத்துட்டாரு. நான் இன்னும் சாவல. நின்னு கேட்டாத்தானே அதுக்குத் தெரியும்?"

இது எங்கள் ஜனங்களின் வழக்கம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். இனிஷியல் அப்பா பெயரிலிருந்து. சாமுவேலின் மகன் டேனியல், டேனியலின் மகன் மறுபடியும் சாமுவேல். சாமுவேல் தாத்தாவின் அப்பாவும் ஒரு டேனியலாகத்தான் இருப்பார். ஆக, தாத்தாவும் டி. சாமுவேல், பேரனும் டி. சாமுவேல். எங்கள் சபையில் பாதிப் பேர் இப்படித்தான். தெலுங்குக்காரர்களைப்போல வீட்டுப் பெயரை முன்னால் போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பாதிரியார் கல்யாண ஓலை வாசித்தால், இது எந்த ஆள் என்று இரண்டு வரிசை திரும்பிப் பார்க்கும்.

அவருடைய தாத்தா சபை ஊழியத்தில் உபதேசியாராக இருந்தவர். வெள்ளைக்காரர் காலத்தில் மிஷன் காம்பவுண்டுக்குள் அவருக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். ரோட்டைப் பார்த்த ஓட்டு வீடு. அதில்தான் இவரும் இவர் அம்மாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஆசை, அந்த வீடு மகன் பெயருக்கு வரவேண்டும். மகனுடைய கல்யாணப் பேச்செல்லாம் அங்கே போய்த்தான் முட்டிக்கொண்டு நின்றது. "சொந்த வூடு இருக்குதான்னு கேக்குறாங்கம்மா" என்று அம்மா என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். குடியிருப்பவர்கள் பெயருக்கே வீடுகளை எழுதிக் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த வருஷம், அந்த அம்மா வாசலில் ஒரு கொய்யாச் செடி வைத்தார்.

வீடு கொடுக்கிற கமிட்டிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதற்கும் அந்தக் கேள்விதான் காரணம். எங்கள் சபையில் தமிழ் ஆராதனை தனி, தெலுங்கு ஆராதனை தனி. இரண்டையும் சேர்த்து ஒரே ஆராதனையாக வைக்கலாம் என்று கமிட்டிப் பொருளாளர் சபைக் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் எழுந்து, "ரெண்டு பாட்டுக்கும் ஒரே எடம்தான்னா எந்தப் பாட்டு நிக்கும்?" என்று கேட்டார். சகோதர அன்பு இல்லாதவர் என்று பெயர் வாங்கினார். ஒரு வருஷத்துக்குள் தமிழ்ப் பாட்டு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று சுருங்கிப்போனது. "ப்ளஸ்ஸுன்னாங்க, நம்ம பாட்டு எங்க சிஸ்டர்?" என்று கோயில் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். பொருளாளர் காதிலும் விழுந்தது.

இந்தப் பக்கம் முதலாளி.

"ஏமய்யா, சேர்க்கிறதுக்கு ப்ளஸ்ஸுன்னு ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ விழுந்த கோடு போட்டுகினு இருக்கே. கஸ்டமர் பாத்தா பிரிண்டர் ரிப்பேருன்னு நினைப்பான்."

"ப்ளஸ்ஸு பொய் சொல்லும் சார்."

"மெஷின் நின்னு நின்னு ஆளைக் கேட்டா, மெஷின் எதுக்கய்யா? குமாஸ்தா போதாதா? ப்ளஸ் போடு. கடைசியில வந்தது நிக்கட்டும். அந்தே, அவ்ளோதான்."

அவர் மாட்டேன் என்றார். ஒரு மாதம் இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கடைசியில் முதலாளி, மெட்ராஸில் ரெடிமேடாகவே புரோகிராம் கிடைக்கிறது, உன் பாஷையை நீயே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போ என்றார். 

"பாஷையே போறதுக்கு ஒரு கோடு போவட்டும்" என்றார் என்னிடம். ப்ளஸ்ஸைப் போட்டுக் கொடுத்தார். வலப்பக்கம் இருப்பது ஜெயிக்கும். மணியடிக்காது, கேட்காது. "புதுசு எப்பவும் வலப்பக்கம் வரணும் சார், மறந்துடாதீங்க" என்று முதலாளியிடம் சொன்னார். "சரேலே, சரேலே" என்றார் முதலாளி. மதியம் தன் டிபன் கேரியரைத் திறந்தவர் அணை கட்டாமல் சாம்பாரையும் தயிரையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். 

அந்த மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி அவர் கையை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்குப் போனார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அங்கேதான் எலும்பு கூடும். அவர் இல்லாத அந்த வாரம்தான் எங்கள் கமிட்டிக்காரர்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார்கள். வீடுகளை எழுதிக் கொடுக்கப் பட்டியல் வேண்டும். பழைய பட்டியல் ஒன்று, வெள்ளைக்காரர் காலத்தில் வீடு வாங்கியவர்களுடையது. இறந்தவர்களுக்கு நேராகக் காலமானார் என்று போட்டிருந்தது. புதுப் பட்டியல் ஒன்று, இப்போது குடியிருப்பவர்களுடையது. பூட்டிக் கிடக்கிற வீடுகள் பழையதில் மட்டும் இருந்தன. அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக வேண்டும் என்றார்கள். எங்கள் வீடு காம்பவுண்டுக்கு வெளியே, எங்களுக்கு அதில் பங்கு கிடையாது. நான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

சேர்க்கிற வேளையில் முதலாளி என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே வந்து உட்கார்ந்தார். பெரிய மனுஷர்கள் முன்னால் வித்தை காட்டவேண்டாமா? "புதுசுதானே முக்கியம், அதனால அது முதல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புதுசை இடப்பக்கம் அடித்தார். ஒரு ப்ளஸ். பழையதை வலப்பக்கம் அடித்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. மணியடிக்கவில்லை. ஒரு இருமல் கூட இல்லாமல் பட்டியல் வந்துவிட்டது. "பாத்தீங்களா சார், எவ்ளோ ஈஸி" என்றார். பொருளாளர் மலைத்துப்போய், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். கழுத்தில் கை தொங்கப் புத்தூரிலிருந்து நேராக வந்த அவர், தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். நேராகக் காலமானார் என்று இருந்தது. தாத்தா பெயரை வைத்துக்கொண்ட பேரன்கள் எல்லோருக்கும் அதேதான். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ரோடு ரோலர் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், "டேய், நான் செத்து வருஷக் கணக்காச்சாம்டா, எவனாவது கறிசோறு போட்டீங்களா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திப் போட்டுட்டாங்க" என்றார். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 

அடுத்த வாரம், உரிமையாளர் காலமான வீடுகள் கமிட்டிக்குத் திரும்பும் என்று நோட்டீஸ் வந்தது. அதோடு சிரிப்பு நின்றது.

கமிட்டி முன்னால் அவர் போய் நின்றபோது நானும் கூடப் போனேன்.

"ஐயா, செத்தது எங்க தாத்தா. நான் இதோ நிக்கிறேன்" என்றார்.

"நிக்கிறது தெரியுது தம்பி" என்றார் பொருளாளர். "லிஸ்ட்டு இன்னா சொல்லுது?"

"லிஸ்ட்டு தப்பு. புதுச வலப்பக்கம் போட்டிருக்கணும். மறுபடி போட்டா ஒரே நிமிஷம்."

"மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. அது கெடக்கட்டும், இந்த லிஸ்ட்ட போட்ட மொழிய யாரு செஞ்சது?"

"நான்தான்."

"அப்ப தப்பும் உன்னுதுதானே?"

நான் பொறுக்கமாட்டாமல், "முதலாளிதான் அடிச்சாரு, நான் பக்கத்துல நின்னேன், நீங்களும்தானே நின்னீங்க!" என்று கத்தினேன். பொம்பளைகள் கமிட்டியில் பேசுகிற வழக்கம் இல்லை என்று சொல்லி என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அவர்களுக்குத் தெரியாது என்று நான் ஒருகாலும் நம்பமாட்டேன். அவர்கள் கண் முன்னால் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள், வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். உயிரோடு இருப்பது தெரியாதா? ரோட்டைப் பார்த்த வீடுகள் அவை. இடித்துவிட்டு இரண்டே வருஷத்தில் வரிசையாகக் கடை கட்டினார்கள். பாத்திரக் கடை, எஸ்டிடி பூத், ஜெராக்ஸ். தப்பு கம்ப்யூட்டருடையது, லாபம் கமிட்டியுடையது. நாசமாய்ப் போனவர்கள்.

அதைக் கூட அவர் தாங்கியிருப்பார். காம்பவுண்டுக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வையைத்தான் தாங்கவில்லை. ரோடு ரோலர் அண்ணன் ஒருநாள் சட்டையைப் பிடித்துவிட்டார். "உன் மிசினுதானேடா எங்களச் சாவடிச்சிது? இன்னாடா பண்ணே, சொல்லு!"

அவர் குனிந்து, கட்டில்லாத கையால் மண்ணில் ஒரு ப்ளஸ் போட்டார். பக்கத்தில் அந்தச் சாய்ந்த கோட்டைப் போட்டார். "நான் இததான் வெக்கணும்னு சொன்னேண்ணா. இது இருந்திருந்தா மிசினு நின்னு கேட்டிருக்கும்" என்றார். அண்ணன் மண்ணையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தக் கோட்டுக்காடா என் வூடு போச்சு?" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் காலால் தேய்த்துவிட்டுப் போனார். கூட நின்றவர்களும் போனார்கள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையாக இருந்தும் கேட்கிறவனுக்குக் கேலியாகத்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

கட்டமஞ்சிப் பக்கம் ஒரு ஒண்டுக் குடித்தனத்துக்கு அம்மாவும் மகனும் போனார்கள். கொய்யாச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார் அந்த அம்மா, அது பிழைக்கவில்லை. அவர் வேலையை விட்டார். மொழி முதலாளியிடமே நின்றுவிட்டது, ப்ளஸ்ஸோடு நன்றாகவே விற்றது என்று கேள்வி. பையன்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். இரண்டு மூன்று தடவை பார்க்கப் போனேன். எதைச் சேர்த்தாலும் ஒன்றும் கேட்காத மனுஷராக ஆகியிருந்தார். "ஏதாவது கேளுங்கண்ணா, திட்டவாவது செய்யுங்க" என்றேன். "இன்னாத்த கேக்கறது சிஸ்டர்" என்றார். அந்த எரிச்சல் மனுஷனே பரவாயில்லை என்று எனக்கு அழுகை வந்தது.

எண்பதுகள் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடம் கிடையாது. அதனால் தாத்தா குழியைத் திறந்து அதிலேயே வைத்தார்கள். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் செய்வதுதான். மண்ணைத் தள்ளி மூடி, பழைய கல்லையே மறுபடி நட்டார்கள். கல்லில் அவர் பெயரையும் வெட்ட வேண்டும் என்று அம்மா கேட்டார். நான் போய்ப் பொருளாளரிடம் சொன்னேன்.

அவர் கல்லைக் குனிந்து பார்த்தார். "பேரு ஏற்கெனவே இருக்குதேம்மா" என்றார். "அதே பேரு, அதே இனிஷியலு. இன்னொரு தடவ எதுக்கு? ரெண்டு பேருக்கும் சேத்தே இருக்கட்டும்."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சேத்தே இருக்கட்டும்னா, படிக்கிறவங்க யார நெனப்பாங்க?" என்று கேட்டார். பாதிரியார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 

இதில் அவர் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. எழுதினால், சித்தூரில் இதைப் படிக்கிற ஒவ்வொருவரும், அட, நம்ம உபதேசியார் தாத்தா என்பார்கள்.